4294967297: கேள்வி பதில்

32 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வரும் எண் இது: 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. ஃபெர்மா எண்களில் ஒன்று: 2-ஐ 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டிப்பாகும் அடுக்குகளுக்கு உயர்த்தி 1 கூட்டினால் வருபவை. இவை எல்லாமே பகா எண்கள் என்று 17-ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார்; இந்த எண்ணில் அது தவறாகிவிட்டது. கணக்கு டீச்சராக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: 7-இல் முடிகிறது, 3-ஆலும் வகுபடவில்லை. பகா எண்தானே டீச்சர்?

இல்லை. 641 × 6700417. கடைசி இலக்கத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். 27-உம் 7-இல்தான் முடிகிறது.

கேள்வி: கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் 641-ஐ எப்படிப் பிடித்தார்கள்?

இதற்காகத்தான் காத்திருந்தேன். 1732-இல் கணித மேதை ஆய்லர் இந்தக் காரணியை அறிவித்தார். இந்த எண்ணை வகுக்கும் பகா எண் எதுவானாலும், 64-இன் மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்கும் என்று பிறகு விளக்கினார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தாவதிலேயே அகப்பட்டுவிடுகிறது!

வகுக்காமலும் காட்டலாம். 641 = 5×2⁷ + 1. அதே 641 = 5⁴ + 2⁴. முதலாவதன்படி 5×2⁷-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸-க்கு மீதி 1. இரண்டாவதன்படி 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போடலாம். ஆக −2³²-க்கு மீதி 1. அதாவது 2³² + 1-க்கு மீதி 0. எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காத நான்கு வரி.

கேள்வி: நீள வகுத்தலில் எனக்கு 67417 வருகிறதே?

சுழியங்களை விட்டுவிட்டீர்கள். 4489-இல் 7 முறை போனதும் மீதி 2. அடுத்து 26, 267 இரண்டிலும் 641 போகாது. ஈவில் இரண்டு சுழியம் போடுங்கள்.

கேள்வி: நிறைவெண்ணா? அதாவது தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டல் தனக்கே சமமா?

இல்லை. தன்னைத் தவிர்த்த வகுத்திகள் 1, 641, 6700417. கூட்டினால் 6701059தான். குறைவெண்.

கேள்வி: என் நிரலில் இந்த எண் 1 ஆகிவிடுகிறது.

32 பிட் மாறியில் போட்டிருப்பீர்கள். 64 பிட்டுக்கு மாற்றுங்கள்.

கேள்வி: 7-இல் முடிவதால் பகா எண் என்று...

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஃபெர்மா தவறு செய்தார் என்பது அநியாயம். நிரூபணம் இல்லை என்று அவரே சொன்னாரே.

சொன்னார், ஒப்புக்கொள்கிறேன். 1640-இல் 3, 5, 17, 257, 65537 என்று ஐந்தும் பகா எண்களாக வந்ததை வைத்து, எல்லாமே அப்படித்தான் என்று நம்பினார்.

அதே நபர்: அப்படியானால் அது ஊகம். ஊகத்தில் என்ன தவறு?

ஊகிப்பதில் தவறில்லை. ஆனால் ஆய்லர் விளக்கிய அந்தக் காரணி வடிவத்துக்கு அடிப்படையான தேற்றமே ஃபெர்மாவுடையதுதான். ஐந்து வகுத்தல்களில் முடிந்திருக்கும் வேலை 92 ஆண்டுகள் கிடந்தது. எனக்கு அதுதான் ஆறவில்லை. இதற்கு அடுத்த ஃபெர்மா எண்களில் இன்றுவரை ஒரு பகா எண்கூடக் கிடைக்கவில்லை.

கேள்வி: பகா எண் சோதனை ஒன்றில் தேறிவிட்டதே? 2-ஐ வைத்துச் சோதித்தேன்: இந்த எண்ணில் 1 குறைத்த அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி, இந்த எண்ணால் வகுத்தால், பகா எண்ணுக்கு வருவதுபோலவே மீதி 1.

2-ஐ வைத்தால் எல்லா ஃபெர்மா எண்களும் தேறும். 3-ஐ வைத்துப் பாருங்கள்.

கேள்வி: 65536² + 1² என்பதைத் தவிர வேறு இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா?

முடியும்: 62264² + 20449². பகா எண்ணாக இருந்தால் ஒரு வழிக்குமேல் இருக்கவே முடியாது. பேனா எடுத்துப் பெருக்கிப் பாருங்கள். முதல் வர்க்கம் 3876805696.