வங்கிப் பணம் வாங்கியவர் வங்கிக்கு வாக்களித்தார்: இதை எப்படிப் படிப்பது?

கேள்வி: நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். அமெரிக்கக் குடியுரிமை வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. எங்கள் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர், வங்கிகளுக்குச் சாதகமான ஒரு மசோதாவை ஆதரித்து வாக்களித்தார். தேடிப் பார்த்தால், வங்கித் துறையிடமிருந்து அவருக்கு 48,000 டாலர் நன்கொடை வந்திருப்பதாக ஓர் இணையதளம் காட்டுகிறது. அதில் கொஞ்சம், வாக்கெடுப்புக்கு இரண்டு வாரம் முன்னால் வந்தது. அவருடைய டவுன் ஹால் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம் என்றிருக்கிறேன். வாக்கை விற்றுவிட்டார் என்று சொல்ல இது போதுமா?

பதில்: போதாது. ஆனால் கேட்காமல் விட்டுவிடாதீர்கள். நன்கொடை அறிக்கைகளைப் பல ஆண்டுகளாகப் படித்துவருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் கையில் இருக்கும் எண் உண்மையானது, அதை வைத்து நீங்கள் கேட்க நினைக்கும் கேள்விதான் இடம் மாறியிருக்கிறது.

முதலில் அந்த 48,000 டாலரைப் பிரித்துப் பாருங்கள். அமெரிக்காவில் ஒரு வங்கி தன் கணக்கிலிருந்து காங்கிரஸ் வேட்பாளருக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்க முடியாது. 1907-இல் வந்த டில்மன் சட்டம் போட்ட தடை அது, இன்றும் இருக்கிறது. பின்னே 'வங்கிப் பணம்' என்று தளம் எதைக் காட்டுகிறது? இரண்டு வகைப் பணத்தைச் சேர்த்துக் காட்டுகிறது. ஒன்று, 'பேக்' எனப்படும் அரசியல் நிதிக் குழு கொடுப்பது. வங்கியின் அதிகாரிகளும் பங்குதாரர்களும் தங்கள் சொந்தப் பணத்தைப் போட்டு நடத்தும் உண்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட குழு ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 5,000 டாலர்வரை தரலாம். கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தலும் பொதுத்தேர்தலும் தனித்தனியாகக் கணக்காவதால் மொத்தம் 10,000.

இன்னொன்று, தனி ஆட்கள் தருவது. 2025–26 தேர்தல் சுழற்சியில் ஒருவர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர்வரை தரலாம். ஒருவர் தந்தது மொத்தமாக 200 டாலரைத் தாண்டினால், அவர் பெயர், முகவரி, தொழில், வேலை பார்க்கும் நிறுவனம் எல்லாவற்றையும் வேட்பாளர் கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்துக்குக் கொடுக்கும் அறிக்கையில் எழுத வேண்டும். இணையதளங்கள் அந்த 'நிறுவனம்' என்ற கட்டத்தை வைத்துத்தான் துறைவாரியாகக் கூட்டுகின்றன.

இதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ஒரு பெரிய வங்கியில் மென்பொருள் எழுதும் பெண் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் உறுப்பினரின் குடிவரவுக் கொள்கை அவருக்குப் பிடித்திருக்கிறது, 250 டாலர் அனுப்புகிறார். தொழில் என்ற இடத்தில் மென்பொருள் பொறியாளர், நிறுவனம் என்ற இடத்தில் வங்கியின் பெயர். அவ்வளவுதான், அந்த 250 டாலர் வங்கித் துறைக் கணக்கில் ஏறிவிட்டது. அப்படி ஒரு வங்கி மசோதா இருப்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். நியூ ஜெர்சி போன்ற இடத்தில், நிதி நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள் நிறைந்த தொகுதியில், இப்படிச் சேரும் தொகை சின்னதாக இருக்காது.

சரி, அப்படியானால் தனி ஆள் பணம் எல்லாமே அப்பாவிப் பணமா? அதுவும் இல்லை. ஆணையத்தின் தளத்தில் உங்கள் உறுப்பினரின் பிரசாரக் குழுவைத் தேடி எடுங்கள். தனிநபர் நன்கொடைகளைத் தேதிவாரியாக அடுக்குங்கள். ஒரே வங்கியின் துணைத் தலைவர்கள் ஏழெட்டுப் பேர், சிலர் வாழ்க்கைத் துணையோடு, ஒரே நாளில் உச்சவரம்புத் தொகையைக் கொடுத்திருந்தால், யாரோ ஒருவர் உட்கார்ந்து அந்தப் பணத்தைத் திரட்டித் தந்திருக்கிறார் என்று அர்த்தம். அது அந்த மென்பொருள் பொறியாளரின் 250 டாலர் மாதிரி இல்லை. கூட்டுத்தொகையை விட இந்த வரிகள்தான் அதிகம் பேசும். அரை மணி நேரம் செலவழித்தால் போதும், நீங்களே பார்த்துவிடலாம்.

அடுத்து, மொத்த வரவில் இது எத்தனை பங்கு என்று பாருங்கள். அந்தச் சுழற்சியில் அவர் திரட்டியது 20 லட்சம் டாலர் என்று வைத்துக்கொண்டால், 48,000 என்பது நூற்றுக்கு 2.4. இது சிறியது, அதனால் கவலையில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் இந்த ஒரு துறை கை விட்டால் இவர் தேர்தலில் நிற்கவே முடியாது என்ற வாதம் இந்த எண்ணில் நிற்காது.

இரண்டு வாரம் முன்னால் வந்த பணம் என்கிறீர்களே, அதன் தேதி என்ன? மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களின் கடைசி நாட்களில் காலாண்டுக் கணக்கு முடியும். எவ்வளவு திரட்டினார் என்பது உடனே செய்தியாவதால், அந்த நாட்களில் எல்லா வேட்பாளர்களும் நன்கொடை கேட்டு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் அனுப்புவார்கள். பணமும் அப்போதுதான் குவியும். ஜூலை நடுவில் வாக்கெடுப்பு நடந்து, ஜூன் 29-இல் பணம் வந்திருந்தால், அதற்கு மசோதாவை விட நாள்காட்டி காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். போன ஆண்டு அதே வாரத்தில் எவ்வளவு வந்தது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது வாக்குக்கு வருவோம். பணம் வாங்கியவர் ஆதரித்தார் என்பது பாதிக் கதைதான். பணம் வாங்காதவர்கள் என்ன செய்தார்கள்? அவருடைய கட்சிக்காரர்கள் இருநூறு பேரும் அதே பக்கம் வாக்களித்திருந்தால், உங்கள் உறுப்பினரின் 48,000 டாலரை வைத்து எதையும் விளக்க வேண்டிய தேவையே இல்லை. கட்சி நின்ற பக்கம் அவரும் நின்றார். நன்கொடையாளர்களும் குருட்டுத்தனமாகக் கொடுப்பதில்லை, ஏற்கெனவே தங்கள் பக்கம் சாய்ந்தவருக்குத்தான் கொடுப்பார்கள். வங்கி மசோதாக்களைப் பரிசீலிக்கும் நிதிச் சேவைகள் குழுவில் உறுப்பினராக இருந்தால் வங்கிகள் தேடி வந்து கொடுக்கும். ஆக, வாக்கு பணத்தைக் கொண்டுவந்ததா, பணம் வாக்கைக் கொண்டுவந்ததா என்பது இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரியாது.

இந்தியாவில் கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985 முதல் இருப்பதால், கொறடா உத்தரவை மீறி வாக்களிப்பவரின் பதவியே போகலாம். அங்கே ஒரு தனி உறுப்பினரின் நன்கொடையையும் வாக்கையும் ஒப்பிடுவதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அமெரிக்காவில் கொறடா உண்டு, ஆனால் மீறினால் பதவி பறிபோகாது. அதனால் கட்சி இரண்டாக உடைந்த வாக்கெடுப்புகளைத் தேடிப் பிடியுங்கள். ஒப்பீட்டுக்கு அவைதான் உதவும்.

அப்படி ஒன்றை நானே எடுத்துக் காட்டுகிறேன். 2008 செப்டம்பர் 29-ஆம் தேதி, வங்கிகளைக் காப்பாற்ற 70,000 கோடி டாலர் ஒதுக்கும் மசோதா பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. இரு கட்சித் தலைமைகளும் ஆதரித்தும் 205-க்கு 228 என்று தோற்றது. குடியரசுக் கட்சியில் 133 பேரும் ஜனநாயகக் கட்சியில் 95 பேரும் எதிர்த்தார்கள். இப்படிக் கட்சிகள் உடைந்ததால் ஆய்வாளர்களுக்கு நல்ல சோதனைக்களம் கிடைத்தது. மியான், சூஃபி, டிரெபி மூவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், நிதித் துறையிடம் அதிக நன்கொடை பெற்றவர்கள் மசோதாவை ஆதரிக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது என்று கண்டார்கள். ஆக, தொடர்பே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அதே கதையின் மறுபாதியையும் பாருங்கள். மசோதா தோற்ற அன்று டவ் ஜோன்ஸ் பங்குச் சந்தைக் குறியீடு 777 புள்ளி சரிந்தது. வைப்புத்தொகைக் காப்பீட்டு வரம்பை ஒரு லட்சத்திலிருந்து இரண்டரை லட்சம் டாலராக உயர்த்தியும், சில வரிச் சலுகைகளைச் சேர்த்தும் மசோதாவை மாற்றி எழுதினார்கள். அக்டோபர் 3-ஆம் தேதி 263-க்கு 171 என்று நிறைவேறியது. நான்கு நாளில் பலர் எதிர்ப்பிலிருந்து ஆதரவுக்கு மாறினார்கள். அந்த நான்கு நாளில் யாருடைய நன்கொடைக் கணக்கும் தலைகீழாக மாறியிருக்காது. மாறியது சந்தையும், மசோதாவின் உள்ளடக்கமும், தொகுதியில் பேச்சும்தான். ஒரே வாக்கில் பணமும் வேலை செய்யும், வேறு பத்து விஷயங்களும் வேலை செய்யும்.

இதைப் பற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் 2003-இல் அன்சோலபெஹர், டி ஃபிகெய்ரெடோ, ஸ்னைடர் என்ற மூவர் தொகுத்தார்கள். ஏறக்குறைய நாற்பது ஆய்வுகள். நான்கில் மூன்று பங்கு இடங்களில் நன்கொடைக்கும் வாக்குக்கும் உறுதியான தொடர்பு தென்படவில்லை, அல்லது எதிர்த்திசையில் தென்பட்டது. கட்சி, கொள்கை, தொகுதி மக்களின் விருப்பம் இவைதான் வாக்கைப் பெருமளவு தீர்மானித்தன. இதைக் கேட்டு நிம்மதி அடைபவர்கள் உண்டு. எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. ஏனென்றால் வாக்கு என்பது கடைசிக் கட்டம். பதிவாகும், எல்லோரும் பார்ப்பார்கள், எதிரணி அடுத்த தேர்தலில் எடுத்துக்காட்டும். பணம் செல்வாக்கு செலுத்த வேண்டுமானால், யாரும் பார்க்காத இடத்தைத்தான் தேடும்.

அந்த இடம் எது என்று காட்டிய பரிசோதனை ஒன்று உண்டு. ஜோஷுவா கல்லா, டேவிட் புரூக்மன் இருவரும் 2016-இல் வெளியிட்டார்கள். ஓர் அமைப்பு 191 காங்கிரஸ் அலுவலகங்களிடம் சந்திப்புக்கு நேரம் கேட்டது. வர இருப்பவர்கள் தொகுதிவாசிகள் என்று சில அலுவலகங்களுக்கும், தொகுதியில் உள்ள நன்கொடையாளர்கள் என்று மற்ற அலுவலகங்களுக்கும் சொன்னார்கள். யாருக்கு எதைச் சொல்வது என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். நன்கொடையாளர் என்று சொன்னபோது, உறுப்பினரோ மூத்த அதிகாரியோ நேரில் வந்து உட்காரும் வாய்ப்பு மூன்று நான்கு மடங்கு அதிகமானது. கோரிக்கை ஒன்றுதான், கதவு திறந்த அகலம் வேறு. இந்த ஒரு முடிவு என்னை ரொம்பவே உறுத்துகிறது. உங்களைப் போன்ற ஒருவர் அதே அலுவலகத்துக்கு எழுதினால், இளநிலை ஊழியரிடமிருந்து அச்சடித்தாற்போல் ஒரு பதில்தான் வரும்.

கதவு திறந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பழைய உதாரணம், கீட்டிங் விவகாரம். லிங்கன் சேமிப்பு நிறுவனத்தை நடத்திய சார்லஸ் கீட்டிங், ஐந்து செனட்டர்களுக்கும் அவர்கள் சார்ந்த அரசியல் பணிகளுக்கும் சேர்த்துச் சுமார் 13 லட்சம் டாலர் கொடுத்தார். 1987 ஏப்ரலில் அந்தச் செனட்டர்கள், அவருடைய நிறுவனத்தைச் சோதித்துக்கொண்டிருந்த கண்காணிப்பு அதிகாரிகளை அழைத்துப் பேசினார்கள். 1989-இல் நிறுவனம் கவிழ்ந்தது. அது விற்ற கடன்பத்திரங்களில் பணம் போட்ட ஆயிரக்கணக்கானோர், அதிலும் நிறைய முதியவர்கள், சேமிப்பை இழந்தார்கள். அந்த ஐவரின் வாக்குப் பதிவை எத்தனை முறை புரட்டினாலும் இது சிக்காது. அழைப்பும் கூட்டமும் எந்த வாக்குப் பட்டியலிலும் இல்லை.

அதனால் உங்கள் தேடலை வாக்கிலிருந்து ஒரு படி பின்னால் கொண்டுபோங்கள். காங்கிரஸின் அதிகாரப்பூர்வ தளத்தில் மசோதாவின் பக்கத்தைத் திறந்து, அவர் இணை முன்மொழிபவராகச் சேர்ந்தாரா, எந்தத் தேதியில் சேர்ந்தார் என்று பாருங்கள். மசோதாவைப் பரிசீலித்த குழுவில் அவர் இருந்தால், அந்தக் குழுவின் அறிக்கையை எடுத்து எந்தத் திருத்தங்களைக் கொண்டுவந்தார், எவற்றை எதிர்த்தார் என்று படியுங்கள். ஹாலும் வேமனும் 1990-இல் செய்த ஆய்வு சொல்வதும் இதைத்தான்: நன்கொடை ஒருவரின் நிலைப்பாட்டை மாற்றுவதை விட, ஏற்கெனவே சாதகமாக இருப்பவரைக் குழுவில் சுறுசுறுப்பாக வேலை செய்ய வைக்கிறது. அப்புறம், வேட்பாளருக்குப் பணம் தராமல் தாங்களே தனியாகச் செலவழிக்கும், 2010-க்குப் பிறகு வந்த 'சூப்பர் பேக்' குழுக்களின் செலவு வேட்பாளரின் வரவுக் கணக்கில் வராது. அவருக்கு ஆதரவாக யார் தனியாகச் செலவழித்தார்கள் என்பதை ஆணையத்தின் தளத்திலேயே தனியாகத் தேட வேண்டும்.

'விற்றுவிட்டார்' என்ற சொல்லை மட்டும் கூட்டத்தில் பயன்படுத்தாதீர்கள். பிரசார நன்கொடையைக் குற்றமாகக் காட்ட, பணத்துக்குப் பதிலாக இன்னது செய்கிறேன் என்ற வெளிப்படையான வாக்குறுதி இருந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் மெக்கார்மிக் வழக்கில் சொன்னது. உங்களிடம் அதற்கு ஆதாரம் இல்லை. அந்தச் சொல் வாயிலிருந்து வந்த அடுத்த நொடி, அவர் புண்பட்ட முகத்தோடு தன் நேர்மையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார், ஒலிபெருக்கி அடுத்தவர் கைக்குப் போய்விடும்.

இப்படிக் கேளுங்கள்: "இந்த மசோதா குறித்து வாக்கெடுப்புக்கு முந்தைய மூன்று மாதத்தில் நீங்களும் உங்கள் அலுவலகமும் எந்த வங்கிகளையும் சங்கங்களையும் சந்தித்தீர்கள்? அதே காலத்தில் இதை எதிர்த்த தொகுதி மக்கள் எத்தனை பேரை நேரில் சந்தித்தீர்கள்? அந்தப் பட்டியலை எழுத்தில் தருவீர்களா?" பெயர்களைச் சொன்னால், நீங்கள் தேதிவாரியாக அடுக்கிய நன்கொடைப் பட்டியலோடு அன்று இரவே ஒப்பிட்டுப் பார்க்கலாம். தரமாட்டேன் என்றால் அந்தப் பதிலையும் தேதி போட்டுக் குறித்துக்கொண்டு, மறுவாரம் அதே கேள்வியைக் கடிதமாக அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.