பேரனுக்கு எழுதினால் வரியா? முதலில் அவன் வயதைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 74 வயது. மதுரை அண்ணா நகரில் 1988-ல் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு இருக்கிறது. கடை, மாடி போர்ஷன் எல்லாம் சேர்த்து மாதம் 60,000 வாடகை, அதில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. அலங்காநல்லூர் பக்கம் அப்பா வழி நிலம் 40 சென்ட். மூத்த மகன் சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தும் என் வாசல் மிதிக்கவில்லை. இளையவனும் மருமகளும் பெங்களூரில் ஐடி வேலை. அவர்கள் பையன் 9-ஆம் வகுப்பு, அவன் பேரில் வீட்டை செட்டில்மென்ட் எழுத நினைக்கிறேன். மகனை விட்டுவிட்டுப் பேரனுக்குக் கொடுத்தால் வரி அதிகம் என்கிறார்களே?

பதில்: ஐயா, வாசல் மிதிக்காத கதையை விடுங்கள். சுயசம்பாத்திய வீட்டை யாருக்கு எழுதவும் காரணம் தேவையில்லை. பத்திரத்தில் அந்த வருத்தத்தை ஏற்றவும் வேண்டாம், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதுவே தீனி.

வாரிசு வரி 1985-லும் தான வரி 1998-லும் போய்விட்டன. தாத்தா கொடுப்பது பேரனுக்கு வருமானமாகாது, கொள்ளுப்பேரனுக்கும் அப்படியே. தலைமுறை தாண்டினால் தனி வரி என்பது அமெரிக்கச் சமாச்சாரம், யாரோ போனில் படித்துவிட்டு உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பேரனுக்கு எழுத முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதுவும் 40,000-க்கு மேல் போகாது, பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000.

உங்கள் கடிதத்தில் எனக்கு வேண்டியது "9-ஆம் வகுப்பு" மட்டும்தான். பையன் மைனர். மைனர் பேரில் வரும் வாடகை, பெற்றோரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் கணக்கில் சேரும். இப்போது வருஷ வாடகை 7,20,000-ல் வீட்டு வாடகைக்குச் சட்டம் தரும் 30 சதவீதக் கழிவு போனால் 5,04,000, வேறு பெரிய வருமானம் இல்லையென்றால் புதிய வரி முறையில் உங்களுக்கு வரியே இல்லை. அதே தொகை 30 சதவீத வரம்பில் இருக்கும் ஐடி சம்பளத்தோடு சேர்ந்தால், செஸ் உட்பட 1,57,000-க்கு மேல் கட்ட வேண்டும். வரி கட்டுகிறவர் வாடகையை உங்கள் கையில் தருவாரா? ஒரு வருஷம் தருவார்.

திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். 11 வயதுப் பேரனுக்கு மனையை எழுதியாயிற்று, பையனின் அப்பா பணமுடையில் கோர்ட் அனுமதி வாங்காமலே அதை விற்றும் ஆயிற்று. மைனர் சொத்தை விற்க அப்பாவாகவே இருந்தாலும் கோர்ட் அனுமதி வேண்டும், இல்லையென்றால் பையன் மேஜராகி 3 வருஷத்துக்குள் அந்தக் கிரயத்தை ரத்து செய்யக் கேட்கலாம். இந்தப் பையன் 20 வயதில் கேட்டான். வாங்கியவர் ஒரு பக்கம், பேரன் ஒரு பக்கம், நடுவில் கைத்தடியோடு பெரியவர் சாட்சிக் கூண்டில். என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: "நானே ரத்து பண்ணிரலாமா சார்?" முடியாது. கவனிக்காதவருக்கு எழுதியதை ரத்து செய்ய மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இருக்கிறது என்பார்கள், ஆனால் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதி வைத்தவர் சுலபமாகத் தப்பித்தார், எழுதாதவர் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்டிஓ) ஆபீசுக்கு நடந்துகொண்டிருக்கிறார்.

அதனால் உயில் எழுதிப் பதிவு செய்யுங்கள், மனம் மாறினால் மாற்றிக்கொள்ளலாம். எதுவும் எழுதாமல் போய்ச் சேர்ந்தால் பேரனுக்குப் பைசா வராது, மகன்கள் இருக்கும்போது அவன் வாரிசே இல்லை. செட்டில்மென்ட்தான் என்று பிடிவாதமாக இருந்தால், உங்கள் ஆயுள்வரை வீட்டில் குடியிருக்கவும் வாடகை வாங்கவும் உள்ள உரிமையை உங்களுக்கே வைத்துக்கொண்டு எழுதுங்கள், வாடகையும் அதன் வரியும் உங்களிடமே இருக்கும்.

அப்புறம், மூத்தவரிடம் பேசுங்கள். பிடிக்காது, தெரியும். அந்த 40 சென்ட்டில் அவர் எப்படியும் பங்கு கேட்பார். அந்த நில வருமானத்தில்தான் வீடே வாங்கியது என்று பாகப்பிரிவினை வழக்கு போட ஒரு வக்கீலும் கோர்ட் ஃபீஸும் போதும், தீர்ப்பு வரும்போது நீங்கள் இருக்க வேண்டுமே. நிலத்தை அவருக்கு விட்டுக்கொடுத்து குடும்ப ஏற்பாடாக எழுதி, இரண்டு மகன்களிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

1988 கிரயப் பத்திரத்தைப் பத்திரமாக வையுங்கள். பேரன் பின்னாளில் விற்றால், லாபக் கணக்குக்கு செட்டில்மென்ட் பத்திரத்தில் போட்ட மதிப்பு செல்லாது, உங்கள் அசல் விலையோ 1-4-2001 அன்றைய சந்தை மதிப்போதான் எடுபடும், அந்த மதிப்பும் அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. அந்தத் தேதிக்கு ஒரு மதிப்பீட்டாளர் சான்று வாங்கிப் பத்திரத்தோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.