மாட்ரிடிலிருந்து ஒரு நாளில் டொலேடோ: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மாட்ரிடில் தங்கியிருக்கும்போது ஒரே நாளில் டொலேடோவைப் பார்த்துத் திரும்பிவிட முடியுமா? ரயில் நல்லதா, பேருந்தா?

பதில்: தாராளமாக முடியும். பிளாசா எலிப்டிகாவிலிருந்து கிளம்பும் பேருந்தில் கட்டணம் குறைவு என்றாலும், அட்டோச்சா நிலையத்திலிருந்து செல்லும் அவாந்த் ரயில் சுமார் 35 நிமிடங்களில் கொண்டுசேர்த்துவிடுவதால் நான் ரயிலையே சொல்வேன். இருக்கைகள் அனைத்தும் முன்பதிவுக்குரியவை. ஆகவே திரும்பும் சீட்டையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். அவசரமாக வெளியேறாமல், 1919இல் திறக்கப்பட்ட டொலேடோ ரயில் நிலையக் கட்டடத்தையும் சற்று நின்று பாருங்கள்.

கேள்வி: வயதான பெற்றோரை அழைத்துச் செல்கிறோம். ஏற்றம் அதிகமாமே?

பதில்: உண்மைதான். தாஹோ ஆறு மூன்று புறமும் வளைத்து ஓடும் பாறைக்குன்றின் மேல் அமைந்த ஊர் இது. நிலையத்திலிருந்து சோகோதோவேர் சதுக்கம் வரை வாடகைக் காரில் ஏறிச் சென்றுவிட்டு, அங்கிருந்து மேற்கு நோக்கி யூதர் குடியிருப்பு வரை நடந்தால், வழியின் பெரும்பகுதி இறக்கமாகவே இருக்கும். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடக்கூடும் என்பதால், அவர்களை வசந்த காலத்திலோ இலையுதிர் காலத்திலோ அழைத்துச் செல்வதே நல்லது.

கேள்வி: ஒரே ஒரு கட்டடத்துக்குள் செல்லத்தான் நேரம் இருக்கிறதென்றால் எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: பேராலயத்தை. 1226இல் தொடங்கிய கட்டுமானம் 1493இல்தான் நிறைவுற்றது. முதன்மைப் பீடத்தின் பின்புறம் ஒளி விழ வேண்டும் என்பதற்காக, நார்சிசோ தோமே என்னும் சிற்பி 18ஆம் நூற்றாண்டில் மேற்கூரையையே திறந்து சூரிய ஒளியை உள்ளே இறக்கினார்; வெயில் நன்றாக இருக்கும் வேளையில் அதைப் பார்க்க வேண்டும். ஞாயிறு முற்பகல் வழிபாட்டுக்குரியது என்பதை நினைவில் வையுங்கள். அல்காசர் கோட்டையை வெளியிலிருந்து பார்த்தாலே போதும் என்பது என் கருத்து.

கேள்வி: 'மூன்று சமயங்களின் நகரம்' என்பது வரலாறா, சுற்றுலா விளம்பரமா?

பதில்: இரண்டும்தான். 999இல் எழுப்பப்பட்ட சிறிய பள்ளிவாசல் ஒன்று, பின்னர் கிறித்தவ ஆலயமாக்கப்பட்ட நிலையில் இன்றும் நிற்கிறது. தாலமியின் வானியல் நூலான 'அல்மகெஸ்ட்'டை கிரெமோனாவைச் சேர்ந்த ஜெரார்ட் அரபியிலிருந்து லத்தீனுக்குப் பெயர்த்து 1175இல் முடித்தது இங்கேதான். இவையெல்லாம் மெய். ஆனால் எல் திரான்சிதோ என்னும் யூதத் தொழுகைக்கூடத்துக்குச் சென்றால் மறுபக்கமும் தெரியும். காஸ்டீல் அரசர் பேத்ரோவின் கருவூல அதிகாரியாக இருந்த சாமுவேல் ஹ-லேவி 14ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டியது அது. சுவர்களில் எபிரேய எழுத்துகளும் இசுலாமியக் கைவண்ணமும் இழைந்து கிடக்கின்றன. அதே அரசர்தான் அவரைச் சிறையிலடைத்தார். அங்கேயே அவர் மாண்டார். 1391இல் யூதர்கள் மீது பெருந்தாக்குதல் நடந்தது. 1492இல் அவர்கள் ஸ்பெயினை விட்டே விரட்டப்பட்டனர். இந்தக் கூடம் திங்கட்கிழமைகளில் திறந்திருக்காது. திங்களன்று செல்லத் திட்டமிடுபவர்கள் நாளை மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாட்ரிடின் பிராதோ அருங்காட்சியகத்தில் எல் கிரெக்கோவின் ஓவியங்களைப் பார்த்துவிட்டோம். இங்கும் பார்க்க வேண்டுமா?

பதில்: சாந்தோ தோமே ஆலயத்திலுள்ள 'ஓர்காஸ் பிரபுவின் அடக்கம்' ஒன்றுக்காகவாவது பார்க்க வேண்டும். 1586 முதல் 1588 வரை தீட்டப்பட்ட அந்த ஓவியம், எந்த ஆலயத்துக்காக வரையப்பட்டதோ அங்கேயே இன்றும் இருக்கிறது. கீழே இடப்புறம் நிற்கும் சிறுவன் ஓவியரின் மகன். அவன் சட்டைப்பையிலுள்ள கைக்குட்டையில் 1578 என்று அவனுடைய பிறந்த ஆண்டே எழுதப்பட்டிருக்கிறது.

கேள்வி: சைவ உணவு கிடைக்குமா?

பதில்: 'பிஸ்தோ' என்னும் காய்கறிப் பதார்த்தம் கிடைக்கும், மேலே முட்டை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எத்தனை மணிக்குத் திரும்புவது?

பதில்: சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பிய பிறகுதான் சந்துகள் அமைதியாகும், எனவே மாலை வரை தங்குங்கள். ஆற்றின் தென்கரையிலுள்ள மிராதோர் தெல் வாயே என்ற இடத்திலிருந்து நகரம் முழுவதையும் ஒரே பார்வையில் காணலாம். அங்கே சூரிய அஸ்தமனம் பார்க்க விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஜூன் மாதத்தில் சூரியன் மறையவே இரவு ஒன்பதரைக்கு மேலாகிவிடும். அதற்காகக் காத்திருந்தால் ரயிலைத் தவறவிட நேரிடலாம். அக்டோபரில் சென்றால் அந்தச் சிக்கல் இல்லை.