சேஃப்டி லீவர் இல்லாத பிஸ்டலை இடுப்பில் வைத்திருக்கப் பயமாக இருக்காதா?

குளொக் வகைப் பிஸ்ரல்களில் சேஃப்டி லீவரே (தவறிச் சுடாமல் பூட்டுகிற நெம்பு) கிடையாதாமே, ரவையை ஏற்றியபடி அதை இடுப்பில் செருகிக்கொண்டு நாள் முழுக்க எப்படி நடமாடுகிறார்கள், பயம் பழகிவிடுமா என்பது கேள்வி. (எங்கள் ஊரில் பிஸ்ரல் என்றும், தோட்டாவை ரவை என்றும்தான் எழுதுவோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

பயம் இருக்கும். ஆறேழு மாதத்தில் குறையும். எனக்கு அது முழுதாக விட்டுப்போன காலத்தில்தான் ஒரு நாள் கையிலேயே வெடித்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்துக் கொக்குவில்காரன். 1999இல் கப்பலில் திருகோணமலைக்குப் போய், அங்கிருந்து கொழும்பு, பிறகு கனடா. ரொறொன்ரோவில் 2005 தொடக்கம் 2017 வரை வங்கிகளுக்குப் பணம் ஏற்றி இறக்கும் கவச வாகனத்தில் வேலை. கனடாவில் சாதாரண ஆள் பிஸ்ரலை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் போக முடியாது. எங்களைப் போன்றவர்களுக்கு வேலை நேரத்துக்கு மட்டும் தனி அனுமதி உண்டு. இப்போது ஊரோடு வந்துவிட்டேன். இலங்கையில் இதை வாங்கலாமா என்று பின்னூட்டத்தில் கேட்க நினைப்பவர்களுக்கு: 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம்தான் இன்றும் அடிப்படை, அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வெறும் ஆசைக்குக் கிடைக்கிற சாமான் இல்லை.

நான் முதலில் பார்த்தது அம்மப்பாவின் இரட்டைக்குழல் துவக்கு. கிளிநொச்சிப் பக்கம் வயல், பன்றிக் காவலுக்குக் கச்சேரியில் (மாவட்ட அரசாங்க அலுவலகத்தில்) எடுத்த பத்திரம். குழலுக்குப் பின்னால், பெருவிரல் படுகிற இடத்தில் தள்ளுகிற சேஃப்டி ஒன்று இருந்தது. வேலி கடக்கும்போது அம்மப்பா அதைத் தொடவே மாட்டார். துவக்கை நடுவில் மடித்து இரண்டு ரவையையும் கையில் எடுத்துக்கொண்டுதான் கடப்பார். "பூட்டு இருக்கெல்லே, ஏன் கழட்டுறியள்?" என்று கேட்டேன். "கள்ளன் வீட்டுக்குள்ளை நிக்கிறான். படலையைப் பூட்டி என்னடா செய்யிறது?" என்றார். அந்த மாதிரித் துவக்குகள் பெரும்பாலானவற்றில் அந்தச் சேஃப்டி, சுட விரலால் இழுக்கிற விசையை மட்டும்தான் பிடித்து வைக்கும், உள்ளே சுத்தியல் அடிக்கத் தயாராகவே நிற்கும் என்பதை நான் இருபது வருடம் கழித்துப் பயிற்சியில்தான் அறிந்தேன். அவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று தெரியாது. பிறகு அந்தத் துவக்கையும் ஒருநாள் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். யார் என்று இங்கே எழுதத் தேவையில்லை.

அடுத்தது யாழ்ப்பாணத்துச் சோதனைச் சாவடிகள். 1996க்குப் பிறகு அங்கே சைக்கிள் உருட்டியவர்களுக்குத் தெரியும், நாங்கள் துவக்கைப் பார்ப்பதில்லை, விரலைப் பார்ப்போம். ஆமிக்காரரின் ரி-56 துவக்கில் வலப்பக்கம் நீளமான ஒரு தகடு இருக்கும். மேலே நின்றால் பூட்டு, கீழே தள்ளினால் சடக்கென்று கேட்கும். அந்தச் சத்தம் வயிற்றைக் கலக்கும், உண்மைதான். ஆனால் ஆமிக்காரரின் விரல் விசை வளையத்துக்கு வெளியே நீட்டியபடி இருக்கிறதா, உள்ளே வளைந்திருக்கிறதா என்பதுதான் அன்றைய நாள் எப்படி என்பதைச் சொல்லும்.

சரி, குளொக்குக்கு வருவோம். கெஸ்ரன் குளொக் என்ற ஒஸ்ரியாக்காரர் செய்தது, 1982இல் அந்த நாட்டு இராணுவம் எடுத்துக்கொண்டது. லீவர் இல்லை என்பது சரி, சேஃப்டி இல்லை என்பது பிழை. மூன்று இருக்கின்றன, மூன்றும் விசையோடு கட்டப்பட்டவை. விசையின் நடுவில் ஒரு சின்ன நாக்கு; அது அமுங்காமல் விசை பின்னால் நகராது. உள்ளே ஒரு சிறிய ஆணி. ரவையின் பின்புறக் கேப்பில் அடிக்கிற ஊசியின் பாதையை மறித்து நிற்கும். விசையை இழுத்தால்தான் அந்த ஆணி உயர்ந்து வழிவிடும். மூன்றாவது, விழுந்த அதிர்ச்சியில் ஊசியைப் பிடித்திருக்கும் கொக்கி நழுவாதபடி தாங்குகிற ஒரு படி. இந்த மூன்றும் ஒழுங்காக இருக்கும்வரை கீழே விழுந்தாலும் வெடிக்காது. விசையை இழுத்தால் வெடிக்கும். அது உன் விரலா, சட்டை நுனியா என்று அதற்குத் தெரியாது.

இந்த ஆணி சின்ன விஷயம் இல்லை. பழைய துப்பாக்கிகள் பலவற்றில் ஊசியை மறிக்க ஒன்றும் கிடையாது. 1873ஆம் ஆண்டுக் கோல்ற் ரிவோல்வரில் ஆறு ரவைக்கு இடம் இருந்தும் தெரிந்தவர்கள் ஐந்துதான் போடுவார்கள். சுத்தியல் வெறும் குழியின் மேல் படிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு தட்டுப் பட்டாலும் போதும். ரஷ்ய ரொக்கரேவ் பிஸ்ரலில் கையால் போடுகிற சேஃப்டி கிடையாது, சுத்தியலைப் பாதி வழியில் நிறுத்துகிற ஒரு வெட்டுத்தான் காவல்.

லீவர் உள்ளவை மட்டும் நிம்மதி தருமா? எனக்குத் தரவில்லை. அமெரிக்க இராணுவம் 1911இல் எடுத்த, ஜோன் பிரௌனிங் வடிவமைத்த பிஸ்ரலில் லீவர் மேலே இருந்தால் பூட்டு, கீழே தள்ளினால் சுடலாம். 1985இல் அதற்குப் பதிலாக எடுத்த இத்தாலியப் பெரெற்றா பிஸ்ரலில் நேர் எதிர்: கீழே இருந்தால் பூட்டு, மேலே தள்ளினால் சுடலாம். ஒன்றில் பழகிய பெருவிரல் மற்றதில் என்ன செய்யும்? இதைக் கேட்டபோது எங்கள் பயிற்றுநர் சிரித்தார். அவர் ஜமேய்க்காவில் பிறந்தவர், பழைய பொலிஸ்காரர். "லீவர் உனக்கு ஞாபகம் இருக்கிறவரைக்கும் வேலை செய்யும்" என்றார்.

எனக்கு முதலில் தந்தது ரிவோல்வர். அதன் விசையை இழுக்க ஐந்து கிலோ அளவுக்குப் பலம் வேண்டும், நீளமாகவும் இழுக்க வேண்டும். அதனால் பயமே தெரியவில்லை. பிறகு எல்லாருக்கும் குளொக் என்றார்கள். அதன் விசை ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. முதல் வாரம் வாகன இருக்கையில் ஒரு பக்கம் சரிந்தே இருந்தேன், என் தொடையை நானே காப்பாற்றுவதுபோல.

அந்தப் பயத்தை எடுத்தது ஒரு எளிய பயிற்சி. ரவையே இல்லாத பிஸ்ரலின் ஸ்லைடை (மேலே முன்பின் நகர்கிற பாகத்தை) ஒருமுறை இழுத்துவிட்டு உறையில் செருகித் தருவார்கள். குளொக்கில் அப்படி இழுத்தால் விசை முன்னால் வந்து நிற்கும். யாராவது, எதுவாவது அதை இழுத்திருந்தால் பின்னால் போய்க் கிடக்கும். நாள் முழுக்க ஓடினோம், குனிந்தோம், மாடிப்படியில் நாணயப் பைகளைத் தூக்கினோம், வேண்டுமென்றே சுவரில் இடித்தோம். மாலையில் உருவிப் பார்த்தால் விசை முன்னாலேயே நின்றது. ஐந்து நாளும் அப்படித்தான். அது தானாகச் சுடாது என்பதை யாரும் எனக்கு விளக்கிச் சொல்லவில்லை, நானே ஐந்து மாலை பார்த்தேன். பயப்படுகிற எவருக்கும் நான் சொல்லக்கூடியது இதுதான்.

அதோடு உறை. விசை வளையத்தை முழுதாக மூடுகிற கடினமான உறை, அதைத் தாங்குகிற தடித்த பெல்ற். ரவையோடு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான பாரம், சாதாரண பெல்ற்றில் தொங்கிப்போகும், தொங்கினால் கை அடிக்கடி அங்கே போகும், கை போகிற இடத்தில்தான் பிழை நடக்கும். உருவும்போது வருகிற ஆபத்தைவிடத் திரும்பச் செருகும்போது வருவது அதிகம். ரொறொன்ரோக் குளிரில் ஜக்கெற்றின் இழுகயிறு, அதன் நுனிக் குமிழோடு விசை வளையத்துக்குள் புகுந்துவிடும். நான் கயிற்றையே வெட்டி எறிந்தேன், மனைவி திட்டினாள். மலசலகூடம் இன்னொரு தலையிடி. அங்கே உறையிலிருந்து உருவவே கூடாது. அப்படியே காற்சட்டையோடு முழங்காலில் இருக்கட்டும். எங்காவது எடுத்து வைத்தால் மறந்துவிட்டு வருவீர்கள். மரியாதைக்குறைவாகத் தோன்றும் ஆலோசனைதான், என்ன செய்வது.

இவ்வளவும் பழகியும் பயமாக இருந்தால் அறையில் (குழலின் பின்முனையில் ரவை நிற்கிற இடத்தில்) ரவை ஏற்றாமல் வைத்திருக்கலாம். தேவை வரும்போது ஸ்லைடை இழுத்து ஏற்ற இரண்டு கையும் ஒரு நொடியும் வேண்டும். எங்கள் வேலையில் ஒரு கையில் எப்போதும் பை.

இனி அந்த நாள். 2013 மார்கழி, பத்து மணி நேர வேலை முடிந்து பணிமனைக்கு வந்தோம். வாசலில் மணல் நிரப்பிய இரும்புப் பீப்பாய் ஒன்று சாய்வாக இருக்கும், அதன் வாயை நோக்கிப் பிடித்துத்தான் ரவையை இறக்குவோம். ஒழுங்கு இது: முதலில் ரவைகள் அடுக்கிய பெட்டியான மகசீனைக் கழற்று, பிறகு ஸ்லைடை இழு, அறையில் இருந்த ரவை வெளியே விழும், பிறகு பார். எட்டு வருடம் செய்த வேலை, கை தன்பாட்டில் செய்யும். அன்று பக்கத்தில் நின்றவரோடு கதைத்தபடி ஸ்லைடை முதலில் இழுத்தேன். ஒரு ரவை விழுந்தது. மகசீன் உள்ளேயே இருந்ததால் அடுத்தது ஏறியது. அப்புறம் மகசீனைக் கழற்றினேன். தரையில் ஒரு ரவை, கையில் மகசீன், கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. துடைக்கக் கழற்ற வேண்டும், குளொக்கைக் கழற்ற விசையை ஒருதரம் இழுத்தே ஆகவேண்டும். இழுத்தேன்.

மணல் முகத்தில் தெறித்தது. காது இரண்டு நாள் இரைந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பீப்பாயை நோக்கிப் பிடித்திருந்ததால். அந்தப் பிஸ்ரலில் ஒரு குறையும் இல்லை. மூன்று சேஃப்டியும், செய்ய வேண்டியபடியே, விசை இழுபட்டதும் வழிவிட்டன. எனக்கு வேலையிலிருந்து இரண்டு வாரம் இடைநிறுத்தம், மறுபடி முழுப் பயிற்சி.

அதற்குப் பிறகு கண்ணை நம்புவதில்லை. ஸ்லைடைப் பின்னால் பிடித்துச் சுண்டுவிரலை அறைக்குள் விட்டுத் தடவிப் பார்ப்பேன். தை மாதத்தில் இரும்பு விரலைக் கடிக்கும். 2017இல் வேலையை விட்ட அன்று ஒப்படைக்கும்போதும் அப்படித் தடவிப் பார்த்துவிட்டு நீட்டினேன். வாங்கிய பெடியன் புதிசு. என் கண் முன்னாலேயே தன் சுண்டுவிரலையும் உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டான்.