மலைத் தேசியப் பூங்காக்களில் மீன்பிடிப்பு இத்தனை வருஷத்தில் எப்படி மாறியிருக்கிறது?

காசிமேட்டில் வலைக்கடை வைத்திருப்பவனுக்கு மலை மீனைப் பற்றி என்ன தெரியும் என்று நினைக்கலாம். அக்கா மகன் அமெரிக்காவில் இருக்கிறான். யெல்லோஸ்டோன் பூங்காவில், யெல்லோஸ்டோன் ஏரியில் தூண்டில் போட்டுவிட்டு போன் செய்தான். "மாமா, இங்க கட்த்ரோட் மாட்டினா உயிரோட திருப்பி விட்டுடணும். அதே ஏரியில லேக் ட்ரௌட் மாட்டினா விடவே கூடாது, கொன்னுடணும்." இரண்டும் அங்கே இருக்கிற மீன் வகைகள். மிதவை வாங்க வந்த பெரியவர் காதில் விழுந்துவிட்டது. "வுடறதுக்கு இன்னாத்துக்கு நைனா புடிக்கணும்?" என்றார். நியாயமான கேள்வி.

1872ல் பூங்கா அமைந்தபோது அங்கே பல ஏரி, ஆறுகளில் மீனே கிடையாது. அருவி தடுத்ததால் மேலே ஏற முடியவில்லை. வருகிறவர்கள் தூண்டில் போட வேண்டுமே என்று 1889 முதல் வெளியூர் மீன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். (நம் நீலகிரியிலும் வெள்ளைக்காரர்கள் இதைத்தான் செய்தார்கள். அவலாஞ்சி ட்ரௌட் பொரிப்பகம் 1907ல் வந்தது.) 1950கள் வரை இப்படியே ஓடியது. யெல்லோஸ்டோன் ஏரியிலிருந்து ஆறு கிளம்பும் இடத்தில் ஒரு பாலம், பெயரே மீன்பிடிப் பாலம். ஆட்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு தூண்டில் போட்ட இடம். 1973ல் அங்கே மீன்பிடிக்கத் தடை வந்தது. இப்போது மேலிருந்து வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான்.

பெரிய அடி 1994ல். அந்த ஏரியில் இருக்கவே கூடாத வெளியூர் மீனான லேக் ட்ரௌட் ஒன்று பிடிபட்டது. கட்த்ரோட்தான் அந்த ஏரியின் சொந்த மீன், தாடைக்கடியில் சிவப்புக் கீற்று இருக்கும். முட்டையிட ஓடைகளில் ஏறும்போது கரடிக்கும், விராலடிப்பான் என்ற மீன் பிடிக்கும் பருந்துக்கும் அதுதான் சாப்பாடு. லேக் ட்ரௌட் அதைத் தின்றுவிட்டு ஆழத்திலேயே கிடக்கும். எந்தக் கரடிக்கும் எட்டாது. கிளியர் க்ரீக் என்ற ஓடையில் 1978ல் 70 ஆயிரத்துக்கும் மேல் ஏறிய கட்த்ரோட், 2007ல் சில நூறுதான். ஆரம்பத்தில் தூண்டில்காரருக்கு மீன் கிடைக்கிறதா என்றுதான் பெரும்பாலும் பார்த்தார்கள். கரடிக்கும் கிடைக்கிறதா என்ற கவலை இதற்கு அப்புறம் பெரிதாகிவிட்டது.

2001ல் பூங்காவின் சொந்த மீன்களை எல்லாம் திருப்பி விட்டாக வேண்டும் என்றாக்கினார்கள். ஈயக் குண்டு கூடாது. தூண்டில் முள்ளின் உட்பக்கம் எதிர்த்து நிற்கும் சின்னக் கூர்முனையைக் குறட்டால் நசுக்கிவிட வேண்டும். அப்போதுதான் வாய் கிழியாமல் சட்டென்று கழற்றலாம். நம்மூரில் அந்தக் கூர் மழுங்கியிருந்தால் முள்ளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்!

எனக்குச் சுவாரசியம் வலை விஷயம்தான். நாம் போடுகிற அதே செவுள் வலை: தலை நுழையும், உடம்பு நுழையாது, பின்வாங்கினால் செவுள் மாட்டும். கட்த்ரோட் மேல்மட்டத்து மீன் என்பதால் வலையை ஆழத்தில் இறக்கி, கண்ணி அளவும் பார்த்துப் போடுகிறார்கள். இதுவரை 40 லட்சத்துக்கும் மேல் லேக் ட்ரௌட் எடுத்தாகிவிட்டது. இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கிடக்கும்போது, அங்கே பனி உருகி வலைப்படகுகள் இறங்கும். கட்த்ரோட் மெல்லத் தேறி வருகிறது, ஆனால் வலையை நிறுத்த முடியாது. விட்டால் லேக் ட்ரௌட் மறுபடி பெருகிவிடும். பிடித்ததை ஏலம் விடுவதில்லை, காற்றுப்பையைக் குத்தி ஏரியிலேயே ஆழத்தில் போட்டுவிடுகிறார்கள். அந்தச் சத்து ஏரியை விட்டுப் போகக் கூடாதாம்.