கூலிட்ஜ் படுத்திருக்கும் வரிசை

அன்புள்ள ஐயா,

நான் நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கிறேன். இங்கே வந்து பதினொரு வருடங்கள் ஆகின்றன. போன மாதம் இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்கக் குடும்பத்தோடு வெர்மான்ட் பக்கம் காரில் போனோம். வின்ட்சர் கவுன்ட்டியில் (நம் மாவட்டம் மாதிரி) பிளிமத் நாட்ச் என்ற சின்ன ஊரில் அமெரிக்காவின் 30-வது அதிபர் கால்வின் கூலிட்ஜின் கல்லறை இருக்கிறது என்றார்கள். இறங்கிப் போய்ப் பார்த்ததும் மனசுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மண்டபம் இல்லை, சிலை இல்லை, காவலுக்கு ஆள் இல்லை. சுற்றியிருக்கும் உறவினர்களின் கல்லைப் போலவே இவருடையதும் ஒரு கல். ஒரு நாட்டின் அதிபரை இப்படியா கவனிக்காமல் விட்டுவிடுவார்கள்? அல்லது எளிமையைக் காட்டிக்கொள்வதும் ஒரு வகை விளம்பரம்தானா? அந்தப் பக்கம் வேறு அரசியல்வாதிகளின் கல்லறைகளும் உண்டா? நீங்கள் வெர்மான்ட் போய்வந்ததாக எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

அன்புடன்,
க.

*

அன்புள்ள க.,

கடிதத்துக்கு நன்றி. ‘கவனிக்காமல் விட்டுவிட்டார்கள்’ என்ற வரியில் எனக்கு உடன்பாடு இல்லை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் போனது ஒரு மே மாதக் காலையில். மலைச்சரிவில் படிப்படியாக ஏறும் அந்தக் கல்லறைத் தோட்டத்தில் என்னைத் தவிர ஆள் இல்லை. கூலிட்ஜின் கல்லில் அவர் பெயரும், பிறந்த இறந்த தேதிகளும், அவற்றுக்கு மேலே அதிபரின் முத்திரையும் இருக்கின்றன. வேறு எழுத்து கிடையாது. அந்த முத்திரையை இரண்டு கைகளாலும் மறைத்துக்கொண்டு பார்த்தேன். அங்கே படுத்திருப்பவர் பால்மாடு வைத்திருந்த ஒரு விவசாயியாகவும் இருக்கலாம், கடைக்காரராகவும் இருக்கலாம். கையை எடுத்ததும் மறுபடி அதிபராகிவிட்டார். அந்த முத்திரை ஒன்றுதான் அரசாங்கத்தின் அடையாளம். மற்றதெல்லாம் குடும்பத்துக்கும் ஊருக்கும் உரியது.

பக்கத்தில் மனைவி கிரேஸ். மகன் கால்வின். அந்தப் பையனின் கல்லைத் தாண்டிப்போக என்னால் முடியவில்லை. 1924 கோடையில் வெள்ளை மாளிகை மைதானத்தில் காலுறை போடாமல் டென்னிஸ் ஆடினான். கால்விரலில் கொப்புளம் வந்தது, அதில் சீழ் வைத்து ரத்தம் முழுக்க நஞ்சாகிவிட்டது. ஜூலை 7 அன்று இறந்தபோது அவனுக்கு வயது 16. பென்சிலின் வருவதற்கு முந்தைய காலம். நாட்டின் உச்சப் பதவியில் இருந்த தகப்பனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவன் போனபோது பதவியின் வலிமையும் பெருமையும் அவனோடு போய்விட்டன என்று கூலிட்ஜ் பிறகு எழுதினார். பையனைக் கொண்டுவந்து புதைத்தது இங்கேதான். கூலிட்ஜ் 1933 ஜனவரியில் மாசசூசெட்ஸில் நார்த்தாம்ப்டன் வீட்டில் இறந்தார். மகன் அங்கே இருக்கும்போது அவர் வேறு எங்கே போவார், சொல்லுங்கள்.

அப்பா ஜானும் அங்கேதான் இருக்கிறார். அமெரிக்க அரசியல்வாதி என்றால் நமக்கு அதிபரும் செனட்டரும்தான் நினைவுக்கு வருவார்கள். ஜான் கூலிட்ஜ் வெர்மான்ட் சட்டமன்றத்தின் இரண்டு அவைகளிலும் இருந்தவர். ஊரில் வரி வசூலித்தவர், கான்ஸ்டபிள் வேலை பார்த்தவர், கடை நடத்தியவர். 1890-ல் அங்கே பாலாடைக்கட்டித் தொழிற்கூடம் தொடங்கியவர்களில் ஒருவர். அவர் நோட்டரியும்கூட, அதாவது பிரமாணம் செய்துவைக்க அதிகாரம் உள்ளவர். 1923 ஆகஸ்ட் 2 இரவு அதிபர் ஹார்டிங் சான் பிரான்சிஸ்கோவில் இறந்தார். துணை அதிபராக இருந்த கூலிட்ஜ் அப்போது விடுமுறையில் அப்பா வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். வீட்டில் தொலைபேசி இல்லை, ஆள்தான் செய்தி கொண்டுவந்தார். அப்பா மாடிப்படி ஏறி வந்து மகனைக் கூப்பிட்டபோது அவர் குரல் நடுங்கியதாம். அதிகாலை 2 மணி 47 நிமிடத்துக்கு, மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், அப்பா சொல்லச் சொல்ல மகன் அதிபராகப் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். அப்புறம் மேலே போய்த் தூங்கிவிட்டார்.

1926 மார்ச்சில் அப்பா மரணப்படுக்கையில் கிடந்தபோது வாஷிங்டனிலிருந்து ரயிலில் விரைந்தும் கூலிட்ஜால் உயிரோடு பார்க்க முடியவில்லை. அதிபராக இருப்பதற்குக் கொடுக்க வேண்டிய விலை அதிகம் என்று அவர் எழுதியது இதை நினைத்துத்தான்.

ஆகவே அந்த வரிசையில் கிடக்கும் அரசியல்வாதி ஒருவர் அல்ல, இருவர். ஒருவர் ஊர் வரியை வசூலித்தவர், மற்றவர் நாட்டை ஆண்டவர். இரண்டு பேருக்கும் கல்லின் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. உங்களுக்கு உறுத்தியது அதுதான். எனக்கோ அது நிறைவாக இருந்தது.

பராமரிப்பு விஷயத்துக்கு வருகிறேன். வெர்மான்ட்டில் கவுன்ட்டி என்பது பெரும்பாலும் பெயருக்குத்தான். அதிகாரமெல்லாம் ஊரிடம் இருக்கிறது. மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்டம் கூட்டுவார்கள். சாலைக்கு எவ்வளவு, பள்ளிக்கு எவ்வளவு என்று ஓட்டுப் போடும் அந்தக் கூட்டத்தில்தான் பல ஊர்களில் கல்லறைத் தோட்டங்களைப் பார்த்துக்கொள்ளவும் ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். புல் வெட்டுவதும் சாய்ந்த கல்லை நிமிர்த்துவதும் ஊர்ப் பொறுப்பு. பிளிமத்தில் இன்றைக்கும் 600 பேருக்குச் சற்று மேல்தான் மக்கள். ஒவ்வொரு ஜூலை 4 அன்றும் (கூலிட்ஜ் பிறந்த நாளும் அதுவே, 1872) வெள்ளை மாளிகை அனுப்பும் மலர்வளையத்தோடு ஊர்க்காரர்களும் மாநிலக் காவல்படை வீரர்களும் ஊர்வலமாக மேட்டில் ஏறி வந்து கல்லறையில் வைக்கிறார்கள். இதைக் கவனிப்பு இல்லை என்று எப்படிச் சொல்வது?

தலைநகரில் ஏன் புதைக்கவில்லை என்ற கேள்வியும் உங்கள் வருத்தத்துக்குள் இருக்கிறது. ஒரு காலத்தில் புதைத்தார்கள். பதவியில் இருக்கும்போது வாஷிங்டனில் இறந்த காங்கிரஸ் உறுப்பினர்களை வண்டியில் வைத்து நூற்றுக்கணக்கான மைல் கொண்டுபோக வழியில்லாததால் அங்கேயே ஒரு கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். ஒரே மாதிரியான மணற்கல் பீடங்களை வரிசையாக வைத்தார்கள், உடல் அங்கே இல்லாதவர்களுக்கும்கூட. ரயிலும் உடலைப் பதப்படுத்தும் முறையும் வந்த பிறகு எல்லோரும் சொந்த ஊருக்குத் திரும்பத் தொடங்கினார்கள். அந்தப் பீடங்களுக்குக் கீழே போக வேண்டும் என்ற நினைப்பே சாவைக் கூடுதலாகப் பயமுறுத்துகிறது என்று 1870களில் ஒரு காங்கிரஸ் உறுப்பினர் பேசினார். வழக்கமும் நின்றது.

இனி ‘விளம்பரமா’ என்ற உங்கள் இரண்டாவது கேள்வி. இதில் நீங்கள் கேட்டதைவிடக் கனமான ஒன்று எனக்கு நெருடுகிறது.

மகன் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னால், 1924 மே 26 அன்று, கூலிட்ஜ் ஒரு குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். குடியுரிமை பெறத் தகுதியில்லாதவர்கள் குடியேறவே வரக்கூடாது என்றது அந்தச் சட்டம். இந்தியர்களுக்கு அந்தத் தகுதி இல்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1923-லேயே தீர்ப்புச் சொல்லியிருந்தது. ஜப்பானியர்களை விலக்கும் பகுதி தனக்கு உவப்பில்லை என்று கூலிட்ஜ் சொன்னார். சொல்லிவிட்டுக் கையெழுத்தும் போட்டார். 1946-ல் இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்று ஒரு சின்ன சன்னல் திறந்தது. கதவு திறந்தது 1965-ல். நீங்களும் உங்கள் குடும்பமும் அந்தக் கல்லின் முன்னால் போய் நிற்க முடிந்தது அவர் கையெழுத்திட்ட சட்டம் பிறகு மாற்றப்பட்டதால்தான். விளைபொருள் விலை வீழ்ந்து விவசாயிகள் தவித்தபோது அவர்களுக்கான உதவி மசோதாவை 1927-லும் 1928-லும் இரண்டு முறை தடுத்தவரும் இந்த விவசாயி மகன்தான்.

கல் எளிமையாக இருப்பதால் இதெல்லாம் மறைந்துவிடாது. ஆனால் அந்தக் கல் எதையும் மறைக்கப் பார்க்கவும் இல்லை. பெரிய மண்டபம் கட்டினால் சுவரில் சாதனைப் பட்டியல் எழுத வேண்டும். அது நம்மிடம் ஒரு தீர்ப்பைக் கொடுத்துவிட்டு, ஆமாம் போடு என்று நிற்கும். இங்கே பெயரும் இரண்டு தேதிகளும் மட்டும். மகனை இழந்த தகப்பன் என்று கண் கலங்கவும் செய்யலாம், என் மக்களுக்குக் கதவை அடைத்தவர் என்று கோபப்படவும் செய்யலாம். நான் இரண்டையும் செய்தேன்.

சரி, மற்றவர்கள். நியூ ஹாம்ப்ஷயரிலிருந்து நீங்கள் போன பாதை அநேகமாக உட்ஸ்டாக் வழியாகத்தான் இருக்கும். அந்த ஊரில் ரிவர் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டத்தில் ஜேக்கப் காலமர் இருக்கிறார். 1849-ல் நாட்டின் தபால்துறைத் தலைவர், 1855 முதல் சாகும்வரை செனட்டர். 1860-ல் சிகாகோவில் குடியரசுக் கட்சி தன் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தபோது முதல் சுற்றில் இவருக்கு 10 ஓட்டு, லிங்கனுக்கு 102. அந்த 10 ஓட்டும் சொந்த மாநிலத்துக்காரர்கள் போட்டவை. லிங்கனின் கல்லறைக்கு மேலே வானளாவக் கம்பம் நிற்கிறது. காலமர் உட்ஸ்டாக்கில் ஆற்றோரம் அமைதியாக இருக்கிறார்.

கவுன்ட்டியின் தெற்கே ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போனால் சம்மர் ஹில் கல்லறைத் தோட்டம். எனக்கு மிகவும் பிடித்த மனிதர் அங்கே இருக்கிறார்: ரால்ஃப் ஃபிளாண்டர்ஸ். லேத் பட்டறைத் தொழிலாளியாகத் தொடங்கி, இயந்திரக் கருவிகள் செய்யும் நிறுவனத்தின் தலைவராகி, 1946-ல் செனட்டர் ஆனவர். கண்ணில் பட்டவரையெல்லாம் கம்யூனிஸ்ட் என்று செனட்டர் மெக்கார்த்தி மிரட்டிக்கொண்டிருந்தபோது, அவருடைய கட்சிக்காரராக இருந்தும் எழுந்து நின்று கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தவர். 1954 டிசம்பர் 2 அன்று செனட் 67-க்கு 22 என்று மெக்கார்த்தியைக் கண்டித்தது. இவருடைய மாமனார் ஜேம்ஸ் ஹார்ட்னஸ் 1921 முதல் 1923 வரை வெர்மான்ட் ஆளுநர். குளிரில் நடுங்காமல் நட்சத்திரம் பார்ப்பதற்காக வெதுவெதுப்பான அறைக்குள்ளிருந்தே பார்க்கும்படி தொலைநோக்கி செய்துகொண்ட பொறியாளர். ஃபிளாண்டர்ஸின் மனைவி ஹெலன் கிராமம் கிராமமாகப் போய் நாட்டுப்பாடல்களைப் பதிவுசெய்து சேர்த்தவர்.

ஊர் திரும்பாத ஒருவரும் உண்டு. உட்ஸ்டாக்கில் 1801-ல் பிறந்த ஜார்ஜ் பெர்கின்ஸ் மார்ஷ், காங்கிரஸ் உறுப்பினராக இருந்தவர். மரங்களை வெட்டியதும் சுற்றியிருந்த மலைகளில் மண் அரித்துப்போவதைச் சிறுவயதில் கண்ணால் பார்த்தவர். அதை மறக்காமல் 1864-ல் பெரிய நூலாக எழுதினார். இத்தாலிக்கான தூதராக 21 ஆண்டுகள் இருந்து அங்கேயே இறந்தார். ரோமில் புராட்டஸ்டன்ட் கல்லறையில் இருக்கிறார். உட்ஸ்டாக்கில் அவர் வளர்ந்த வீடும் மலையும் இப்போது தேசியப் பூங்கா. அடுத்த முறை அங்கே அரை நாளாவது ஒதுக்குங்கள்.

அப்புறம் ஒன்று. மறுபடி பிளிமத் நாட்ச் போனால் கூலிட்ஜின் அம்மாவின் கல்லைத் தேடிப் பாருங்கள். விக்டோரியா ஜோசபீன் மூர். 1885-ல் அவர் இறந்தபோது மகனுக்கு 12 வயது. மனசு சரியில்லாதபோதெல்லாம், நடுராத்திரியில்கூட, அந்த இடத்துக்குப் போய் நிற்பது சிறுவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கிறது. அதிபரான அன்று காலை வாஷிங்டனுக்குக் கிளம்பிய கூலிட்ஜ், பெரிய சாலையை விட்டு விலகி முதலில் அங்கேதான் போனார்.

அன்புடன்.