கேள்வி நேரம்: டிரிங்கோமலி

கேள்வி: இங்கிலாந்தின் ஹார்ட்லிபூலில் நிற்கும் 'டிரிங்கோமலி' பாய்மரப் போர்க்கப்பல் நம் திருகோணமலையில் கட்டப்பட்டதா? இருநூறு வருடம் எப்படித் தாங்கியது?
(திருகோணமலை வாசகர்)

பதில்: பெயர் மட்டும்தான் உங்கள் ஊருடையது. கட்டியது பம்பாயில், ஜாம்செட்ஜி பொமான்ஜி வாடியா. 1782 செப்டம்பர் 3 அன்று திருகோணமலைக்கு வெளியே பிரெஞ்சுக் கடற்படையோடு நடந்த சண்டையின் நினைவாக வைத்த பெயர். அதற்குச் சில நாள் முன்புதான் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரென் துறைமுகத்தைப் பிடித்திருந்தார். அந்தச் சண்டையில் ஆங்கிலேயர் அதை மீட்கவும் இல்லை. பெருமைப்பட என்ன இருந்தது என்று தெரியவில்லை!

1812இல் இந்தக் கப்பலுக்கான வரைபடங்களோடு புறப்பட்ட 'ஜாவா' கப்பலை பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கர் பிடித்துவிட, மறுபடி அனுப்ப வேண்டியதாயிற்று. 1816இல் கப்பலின் அடியில் நீளவாக்கில் ஓடும் ஏரா மரம் வைத்து, அதில் வாடியா வெள்ளி ஆணி அறைந்தார். 1817 அக்டோபர் 12இல் கப்பல் நீரில் இறங்கியது.

தாங்கியதற்கு முதல் காரணம் தேக்கு. ஓக் மரத்தின் டானிக் அமிலம் இரும்பு ஆணியைத் தின்னும். ஆணி துருப்பிடித்தால் சுற்றியுள்ள மரமும் கெட்டு, பலகைகள் தளரும். தேக்கின் எண்ணெய்ப் பசை இரும்பைக் காப்பதோடு புழுவையும் அழுகலையும் எளிதில் அண்டவிடாது.

இரண்டாவது காரணம், சும்மா கிடந்தது. 1819இல் போர்ட்ஸ்மவுத் போய்ச் சேர்ந்தபோது நெப்போலியன் போர் முடிந்து நான்கு வருடம். 1845 வரை கட்டியே போட்டார்கள். இப்படி நிறுத்தும் கப்பல்களில் பாய்மரமும் பீரங்கியும் இறக்கி, மேலே கூரை போடுவது வழக்கம். மரக்கப்பலை அழுகவைப்பதில் கடல்நீரைவிட மழைநீர்தான் மோசம். மேல்தளத்து இடுக்கில் இறங்கி, காற்றோட்டமில்லாத மூலையில் தேங்கினால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

கேள்வி: உலகிலேயே பழைய போர்க்கப்பல் இதுதானாமே? எத்தனை போர் கண்டது?
(மதுரை வாசகர்)

பதில்: இல்லை. 'விக்டரி' இதைவிட மூத்தது, ஆனால் உலர்துறையில் நிற்கிறது. பாஸ்டனில் மிதக்கும் 'கான்ஸ்டிட்யூஷன்' 1797இல் நீரில் இறங்கியது. இது பிரிட்டனில் இன்னும் மிதக்கும் போர்க்கப்பல்களில் மூத்தது.

பெரிய சண்டை எதுவும் காணவில்லை. 38 பீரங்கிக்கென்று கட்டியதை 26ஆகக் குறைத்து, பலவீனமான சதுரப் பின்புறத்தை வெட்டி வளைவாக மாற்றி, 1847இல்தான் கடலுக்கு அனுப்பினார்கள். மேற்கிந்தியத் தீவுகள், பிறகு 1857 வரை பசிபிக். 1860 முதல் பயிற்சிக் கப்பல். 1897இல் உடைக்க விற்றதை வீட்லி காப் என்பவர் வாங்கி, புயலில் சிதைந்த தம் பழைய கப்பலின் பெயரையே வைத்தார்: 'ஃபுட்ராயன்ட்'. பழைய பெயர் திரும்பியது 1992இல்.